மூன்றாவது புள்ளி

எங்கள் நோட்டன் பிரிட்ஜில் வானத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அது மழையைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும். வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளை எங்களுக்குப் பக்கத்து ஊர். கெஹெல்கமு ஓயாவை மறித்து அணை கட்டியதும், பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயரில் மின்நிலையம் வந்ததும் அந்த மழையை நம்பித்தான். நாட்டுக்கு வெளிச்சம் தந்த அதே மழை, எங்களுக்கு நட்சத்திரங்களை மறைத்து வைத்திருந்தது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒரு வால்வெள்ளியின் பாதையையும் ஒளியையும் ஐந்து கிழமை குறித்து வந்தேன் என்று சொன்னபோது வகுப்பில் சிரித்தார்கள். கொப்பியைக் காட்டிய பிறகுதான் சிரிப்பு அடங்கியது.

2024ஆம் ஆண்டு செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் வானத்தில் இருந்த அந்த வால்வெள்ளிக்கு சுசின்ஷான்–அட்லஸ் என்று பெயர். சுசின்ஷான் என்பது சீனாவின் ஊதாமலை வானாய்வகத்தின் பெயர். அட்லஸ் என்பது பூமியில் மோதக்கூடிய விண்கற்களைத் தேடும் தொலைநோக்கிகளின் கூட்டம். அதில் ஒன்று தென்னாபிரிக்காவில் இருக்கிறது. 2023 ஜனவரியில் சீனர்கள்தான் முதலில் கண்டார்கள். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் வேறு யாரும் அதைப் பார்த்து உறுதிப்படுத்தவில்லை. மாத முடிவில், உறுதிசெய்யக் காத்திருக்கும் பொருட்களின் பட்டியலிலிருந்தே அது நீக்கப்பட்டது. வந்த விருந்தாளியை வாசலிலேயே தவறவிட்ட கதைதான். பெப்ரவரி 22இல் தென்னாபிரிக்காவின் அட்லஸ் ஒரு புதிய பொருளைக் கண்டது. அதன் பாதையைக் கணித்துப் பின்னோக்கிப் போனபோதுதான், ஜனவரியில் தொலைந்ததும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தது. கலிபோர்னியாவின் பலோமார் மலையில் 2022 டிசம்பரிலேயே எடுத்த படங்களிலும் அது இருந்தது. படத்தில் இருந்தும் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அப்போது அது வியாழனுக்கும் அப்பால் இருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தைவிட அறுபதாயிரம் மடங்கு மங்கல்.

ஒரு தரம் கண்டால் ஏன் போதாது என்று உம்மா கேட்டார். நல்ல கேள்வி. சூரியனைச் சுற்றும் ஒரு பொருளின் பாதையைச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். பாதை எவ்வளவு பெரிது, எவ்வளவு நீண்டு நெளிந்தது, எந்தப் பக்கம் எவ்வளவு சரிந்தது, இந்த நேரம் அதில் எங்கே நிற்கிறது என்றெல்லாம் அவை சொல்லும். வானத்தில் ஒரு முறை பார்த்தால் நமக்குக் கிடைப்பது இரண்டே எண்கள்: குறுக்கே எங்கே, நெடுக்கே எங்கே. எவ்வளவு தூரத்தில் என்பது தெரியாது. ஆகவே குறைந்தது மூன்று முறை பார்க்க வேண்டும். இரண்டு பெருக்கல் மூன்று ஆறு. இரண்டு புள்ளிகளோடு நின்றுவிட்டால் கையில் இருப்பது நான்கு எண்கள். அவற்றுக்குப் பொருந்தும் பாதைகளுக்குக் கணக்கில்லை.

இரண்டு புள்ளிகளோடு நின்றுபோன ஒரு வால்வெள்ளி உண்மையில் உண்டு. அதைக் கண்டது நமக்கு எதிர்க்கரையில், சென்னையில். பைலா என்ற வால்வெள்ளி ஆறரை வருடத்துக்கு ஒரு தரம் வருவது வழக்கம். 1846இல் அது எல்லோரும் பார்க்கவே இரண்டாகப் பிளந்தது, 1852இல் இரண்டு துண்டுகளாக வந்தது, பிறகு வரவேயில்லை. 1872 நவம்பர் 27 இரவு, அதன் பாதையைப் பூமி கடந்தபோது எரிகற்கள் மழையாய்க் கொட்டின. ஜேர்மனியின் கேட்டிங்கனில் இருந்த கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளர், பைலா பூமியை உரசிப் போயிருக்கிறது என்று எண்ணி, அது போகும் திசை தெற்கே சென்டாரஸ் மண்டலம் என்று கணித்தார். அந்தத் திசை ஐரோப்பாவில் அடிவானத்துக்குக் கீழே. மதராஸ் வானாய்வகத்துக்குத் தந்தி அடித்தார்.

தந்தி நோர்மன் பொக்சன் கைக்கு வந்தது. சென்னையில் அது வடகீழ்ப் பருவமழைக் காலம். மேகம் விலகிய டிசம்பர் முதல் வாரத்து அதிகாலை ஒன்றில், சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வால்வெள்ளியைக் கண்டார். மறுநாள் காலையும் கண்டார். அதற்குப் பிறகு மேகமும் விடியல் வெளிச்சமும் மூடிவிட்டன. பின்னர் கணக்குப் பார்த்தவர்கள், அது பைலாவாக இருக்க முடியாது என்றார்கள். அப்படியானால் அது எது? இன்றுவரை விடையில்லை. மூன்றாவது புள்ளி இல்லை.

இந்தக் கதையை வாசித்த நாளில்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எங்கள் ஊர் மேகத்துக்குள்ளிருந்து மூன்று புள்ளியாவது எடுத்துவிட வேண்டும்.

இந்தப் பொக்சனுக்கு நான் இன்னொரு வகையிலும் கடமைப்பட்டவள். நட்சத்திரங்களை ஒளிக்கேற்ப முதலாம் தரம், இரண்டாம் தரம் என்று ஆறாம் தரம் வரை பிரிப்பது கிரேக்கர் காலத்துப் பழக்கம். எண் கூடக் கூட ஒளி குறையும். பத்தாம் நூற்றாண்டில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, அந்தப் பழைய பட்டியலை அப்படியே படியெடுக்காமல், ஒவ்வொரு நட்சத்திரத்தையும் தன் கண்ணால் பார்த்துத் தரத்தைத் திருத்தி எழுதினார். அவருடைய நிலைத்த விண்மீன்களின் நூல் வெளிவந்தது 964இல். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடையில் எத்தனை மடங்கு வித்தியாசம் என்பதை 1856இல் எண்ணாக்கியவர் பொக்சன்: ஐந்து தரம் வித்தியாசம் என்றால் சரியாக நூறு மடங்கு, ஒரு தரம் என்றால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. உலகம் முழுவதும் இன்றும் அந்த அளவுகோல்தான்.

வால்வெள்ளியின் ஒளியை முன்கூட்டிச் சொல்வது பாதையைச் சொல்வதைவிடக் கஷ்டம். வெறும் கல் ஒன்று சூரியனுக்குப் பாதித் தூரம் நெருங்கினால் நான்கு மடங்கு வெளிச்சம் பெறும். வால்வெள்ளி கல் அல்ல. அழுக்குப் படிந்த பனிக்கட்டி. நெருங்க நெருங்கப் பனி ஆவியாகித் தூசியைக் கிளப்பும். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் முகிலும் பெரிதாகும். ஆகவே பாதித் தூரத்தில் நான்கு மடங்கு அல்ல, ஏறத்தாழப் பதினாறு மடங்கு என்று கணக்கு வைப்பார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். வால்வெள்ளி ஆராய்ச்சியில் பழுத்தவரான செக்கானினா, 2024 ஜூலையில், இது சூரியனை நெருங்குமுன் உதிர்ந்து போய்விடும் என்றே எழுதினார். அது உதிரவில்லை. செப்டெம்பர் 27இல் சூரியனுக்கு மிக அருகே, ஏறத்தாழப் புதன் கோளின் தூரத்தில், முழுசாகத் திரும்பியது.

அடுத்த நாள் சனிக்கிழமை. விடுதியிலிருந்து நான் வீட்டுக்கு வந்திருந்தேன்.

எங்கள் வீடு பஸாரில், துணிக்கடைக்கு மேலே. அங்கிருந்து கிழக்கு வானம் தெரியாது, மலை மறைக்கும். பின்பக்கத்துத் தேயிலைக்குள் ஏறும் ரோட்டில் அரை மணி நேரம் நடந்தால், மேட்டு லயத்துக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. கிழக்கும் மேற்கும் திறந்த இடம் அது ஒன்றுதான். விடியுமுன் அங்கே போகவேண்டும் என்றேன். வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், “பொம்பளைப் புள்ளைக்கு இருட்டில என்ன வேல?” என்று கேட்டார். வாப்பா பதில் சொல்லவில்லை. உம்மாதான் சொன்னார்: “தனியா எங்க போறா? நானும் போறேன்.”

உம்மா அன்று அப்படிச் சொல்லியிராவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை. ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். காலில் அட்டை ஏறாமல் சவர்க்காரம் பூசிக்கொண்டோம். சிறுத்தை நடமாட்டம் உள்ள மலை என்பதால் லயத்திலிருந்து ஓர் அம்மாயி தன் பேரனையும் கூட்டிக்கொண்டு டோர்ச்சோடு துணைக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும், “வால்வெள்ளி மொளைச்சா ராசாவுக்கு ஆகாதும்பாங்க, முதலாளியம்மா” என்றார். ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. சொன்ன அவரே சிரித்துவிட்டார். நபி (ஸல்) அவர்களின் மகன் இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்ததையும், எவருடைய இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் அன்றே சொல்லிவிட்டதையும் உம்மா அவருக்குச் சொல்லிக்கொண்டே ஏறினார். நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணி பத்து நிமிடம். அடிவானத்துக்கு ஒரு முஷ்டி உயரத்தில் இருந்தது. நீட்டிய கையின் முஷ்டி அகலம் பத்துப் பாகை. சுண்டுவிரல் ஒரு பாகை. என்னிடம் இருந்த கோணமானி அதுதான். சாச்சா கட்டாரிலிருந்து கொண்டுவந்த 10 × 50 பைனாகுலரில் பார்த்தபோது, தலை கீழே சூரியனை நோக்க, வால் மேலே நிமிர்ந்திருந்தது. படங்களில் வருவதுபோல நீலமும் பச்சையும் இல்லை. சாம்பல் நிறம், ஊதிய கண்ணாடியில் விரல் இழுத்த மாதிரி. படம் பார்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். எனக்கு ஏமாற்றம் இல்லை. வெளிச்சம் பூமிக்கு வர எடுக்கும் நிமிடங்களைக் கழித்தால், அது அந்த நேரத்தில் அங்கே இருந்தது; நானும் பாறையில் இருந்தேன்.

மகத்திலிருந்து எத்தனை முஷ்டி, அல்ஃபர்த்திலிருந்து எத்தனை முஷ்டி என்று அளந்து கொப்பியில் வரைந்தேன். அல்ஃபர்த் என்றால் அரபியில் தனித்தது. பக்கத்தில் துணையில்லாத நட்சத்திரம் என்பதால் அந்தப் பெயர். உலகம் இன்றும் அதை அப்படித்தான் அழைக்கிறது.

ஒளியை அளக்கும் முறை வேறு. வால்வெள்ளி பரந்த பஞ்சு, நட்சத்திரம் ஊசிமுனை. இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. பைனாகுலரின் திருகைத் திருப்பி நட்சத்திரத்தை மங்கலாக்கி, அதையும் வால்வெள்ளியளவு பஞ்சாக்க வேண்டும். பிறகு ஒளி கூடிய நட்சத்திரம் ஒன்று, குறைந்த நட்சத்திரம் ஒன்று எடுத்து, இரண்டுக்கும் இடையில் வால்வெள்ளி எந்தப் படியில் நிற்கிறது என்று கண்ணால் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அல்ஃபர்த் 2.0. அதற்குப் பக்கத்தில் 3.9 உள்ள இன்னொன்று. நான் பார்த்து முடித்ததும் உம்மா கை நீட்டினார். “நீ நம்பரச் சொல்லாத மகள். நான் பார்த்துட்டுச் சொல்றேன்.”

உம்மாவுக்கு வானியல் தெரியாது. ஆனால் இருபது வருடமாகக் கடையில் துணிக்கு நூல் பொருத்துகிறவர். மழைக்கால மங்கல் வெளிச்சத்தில் இரண்டு மஞ்சளை வைத்து, இது ஒரு சாயல் கூட, அது அரைச் சாயல் குறைவு என்று சொல்லும் கண். இந்த வேலைக்கு வேண்டியது அந்தக் கண்தான். பௌதிகவியல் டீச்சரிடம் பிறகு சொன்னபோது, “பிறைக்கு மாதிரியே சாட்சி கூடினா நல்லதுதான்” என்றார். உண்மையில், மஃரிப் நேரத்தில் மேற்கே அடிவானத்தைச் சல்லடை போட்டுப் பார்ப்பதற்கு நம்மைவிடப் பழகிய சமூகம் ஏது?

நான் சொன்னது 3.6, உம்மா சொன்னது 3.4. இதை அப்படியே எழுதக்கூடாது. அடிவானத்தை ஒட்டி இருப்பதன் ஒளி, தலைக்கு மேலே இருப்பதன் ஒளியைவிட ஐந்து மடங்குக்கும் மேலான காற்றைக் கடந்து வரவேண்டும். அந்த நட்டத்துக்காக ஒரு தரத்தைக் கழித்தால் 2.6, 2.4. ஞாயிறு காலையும் ஏறினோம்: எனக்கு 2.4, உம்மாவுக்கு 2.5. இரண்டு நாள், இரண்டு புள்ளி. பொக்சனுக்குக் கிடைத்த அளவு.

திங்கள் முதல் விடுதி. அங்கே முற்றத்து மின்குமிழ்களுக்கு மேலே வானம் இருப்பதே தெரியாது. அடுத்த சனி, ஞாயிறு வால்வெள்ளி சூரியனை ஒட்டி இறங்கிவிட்டது. ஒக்டோபர் 9ஐ ஒட்டி அது பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட திசையில் வந்து, வெள்ளிக் கோளையும் மிஞ்சிப் பிரகாசித்தது. ஆனால் சூரிய வெளிச்சத்துக்குள். சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் சோஹோ விண்கலத்தின் கமராவுக்குத்தான் அது கிடைத்தது. சூரியனை நெருங்கியதால் மட்டும் வந்த ஒளி அல்ல அது. எங்கள் ரோட்டில் மூடுபனி நேரத்தில் நின்று பாருங்கள். நம்மைக் கடந்து போகும் பஸ்ஸின் லைட்டில் பனி சாம்பலாய்த் தெரியும். எதிரே வரும் பஸ்ஸின் லைட்டில் வெள்ளையாய் எரியும். தூசிக்குப் பின்னால் விளக்கு இருந்தால் தூசி ஒளிரும். வால்வெள்ளியின் தூசிக்குப் பின்னால் அன்று சூரியன் இருந்தது.

ஒக்டோபர் 12, சனி. பூமிக்கு மிக அருகே, ஏழு கோடி கிலோமீற்றரில் வந்த நாள். மாலை வானத்தில், மேற்கே, எல்லோரும் பார்க்கக்கூடிய இடம். உலகமே படம் எடுத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு மழை. கொழும்பு, கம்பஹாப் பக்கங்களில் வெள்ளம். திங்கட்கிழமை அங்கே பல பாடசாலைகள் மூடியிருந்தன. நான் கடை வாசலில் நின்று கூரைத் தகரத்திலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வால்வெள்ளிக்காக அழுகிறதா என்று நீங்கள் கேட்கலாம். எண்பதாயிரம் வருடத்துக்குப் பிறகுதான் மறுபடி வரும் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த எண்ணை நான் நம்பவில்லை. இதன் பாதை மூடிய வளையத்துக்கும் திறந்த வளைவுக்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்கிறது. வெடித்துக் கிளம்பும் வாயுவின் சிறு உந்தல் போதும், கணக்கு பல்லாயிரம் வருடம் மாறிவிடும், அல்லது திரும்பியே வராது. எதுவானாலும் எனக்கு அடுத்த முறை இல்லை.

அந்த நாட்களில் பொக்சனின் மகளைப் பற்றி வாசித்தேன். இசிஸ் பொக்சன். 1873 முதல் 25 வருடம் மதராஸ் வானாய்வகத்தில் கணக்கிடும் வேலை பார்த்தவர். சம்பளம் 150 ரூபாய். அந்தக் காலத்தில் ஒரு சமையற்காரருக்குக் கிடைத்த அளவு என்கிறார்கள். 1886இல் இலண்டன் வானியல் கழகத்தில் உறுப்பினராக அவரை முன்மொழிந்தார் தந்தை. கழகத்தின் சாசனத்தில் உறுப்பினரைக் குறிக்கும் இடமெல்லாம் ‘அவன்’ என்று இருக்கிறது, ஆகவே பெண்ணைச் சேர்க்க முடியாது என்று சட்டம் பேசினார்கள். சேர்த்தது 1920இல்தான். 34 வருடம். “அந்த மனுசி அதுவரைக்கும் உசிரோட இருந்தாவா?” என்று உம்மா கேட்டார். இருந்தார் என்றேன். “நல்லது” என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினை மிதித்தார்.

17ஆம் திகதி பூரணை. நிலவு வெளிச்சத்தில் வால்வெள்ளி கரைந்துவிடும். ஆனால் பூரணைக்குப் பிறகு நிலா ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி எழும். அந்தி முழுதாக இருட்டிய பிறகு, நிலா எழுமுன் ஒரு கதவு திறக்கும். 20ஆம் திகதி ஞாயிறு, மஃரிப் தொழுதுவிட்டு ஏறினோம். அன்று மாலையே விடுதிக்குத் திரும்ப வேண்டியவள். வாப்பா வார்டனுக்குக் கோல் எடுத்து, திங்கள் முதல் பஸ்ஸில் அனுப்புகிறேன் என்று அனுமதி கேட்டிருந்தார். மேற்கே வானம் முழுக்க முகில். வெள்ளி மட்டும் இடைக்கிடை தெரிந்தது. அம்மாயியின் பேரன் பாறையில் படுத்தே தூங்கிவிட்டான்.

ஏழு மணி எட்டு நிமிடத்துக்கு முகில் பிரிந்தது. பதினொரு நிமிடம். பாம்பாட்டி மண்டலத்துக்குள் அது நின்றது. தலை சிறுத்து, வால் நீண்டு, முன்னர் பார்த்ததற்கு எதிர்ப்பக்கமாய்ச் சாய்ந்து. நான் முதலில் இடத்தைக் குறித்தேன்: ராஸ் அல்ஹவ்வாவிலிருந்து எவ்வளவு, வெள்ளியிலிருந்து எவ்வளவு. ராஸ் அல்ஹவ்வா, பாம்பாட்டியின் தலை. பிறகு ஒளி. என்னுடையது 2.8. உம்மா பைனாகுலரை விடாமல் வைத்திருந்தார். முகில் மூடும்போதுதான் சொன்னார், 3.1. அதுதான் மூன்றாவது புள்ளி.

முஷ்டியால் அளந்த மூன்று புள்ளிகளை வைத்து உண்மையான பாதை வராது. ஒரு பாகை பிழை என்பது நிலாவின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு. வானியலாளர்கள் அதில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு பிழையோடு, உலகம் முழுவதிலுமிருந்து குவிந்த இடங்களை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். நான் செய்தது வேறு: அவர்கள் வெளியிட்ட பாதையை எடுத்து, அந்த மூன்று நேரங்களிலும் அது எங்கே நின்றிருக்க வேண்டும் என்று வரைபடத்தாளில் போட்டு, என் புள்ளிகளை அதன்மேல் வைத்தேன். ஒன்று முக்கால் பாகை விலகியிருந்தது. மற்ற இரண்டும் அதைவிடக் கிட்ட. ஒளிக்கு ஸ்லோவேனியாவில் ஒரு வானாய்வகம் நடத்தும் வால்வெள்ளித் தரவுத்தளம் இருக்கிறது. உலகெங்கும் உள்ளவர்கள் தம் மதிப்பீடுகளை அங்கே அனுப்புகிறார்கள். என் எண்களை எழுதி முடிக்கும் வரை அதைத் திறந்து பார்ப்பதில்லை என்று வைத்திருந்தேன். பார்த்துவிட்டால் கண் அதைத்தான் காணும்.

26ஆம் திகதி: எனக்கு 4.6, உம்மாவுக்கு 4.5. சூரியனையும் பூமியையும் ஒரே நேரத்தில் விட்டு விலகியதால் இரண்டு வழியிலும் ஒளி குறைந்துகொண்டு போனது. 31ஆம் திகதி தீபாவளி. லயமெல்லாம் விளக்கு, மலை முழுக்கப் பட்டாசுப் புகை, ஏறவில்லை. அம்மாயி வீட்டு முறுக்கு வந்தது.

நவம்பர் 2, சனி. அமாவாசைக்கு மறுநாள், புகையும் அடங்கிவிட்டது. நாங்கள் அந்தப் பாறையில் பார்த்த மிக இருட்டான வானம் அதுதான். வெறும் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. பைனாகுலரை டோர்ச் மேசைக் காலில் கட்டி ஆடாமல் வைத்துப் பத்து நிமிடம் தேடியபின், நேரே பார்த்தால் மறைந்து, ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும் ஒரு மூச்சுப் படிந்த தடம். 6.2 என்று எழுதினேன். இரண்டு கிழமைக்குள் இருபது மடங்குக்கும் மேல் மங்கல். உம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“எனக்குத் தெரியல்ல மகள். இல்லண்டே எழுது.”

உம்மாவின் நிரலில் அப்படியே எழுதினேன்.